கால் தேக்கரண்டி ஒயிலின் வலிமை

பழைய மோட்டார் சைக்கிளின் கிளச் வயரை முழுதாகக் கழற்றி, ஒரு நுனியை ஆணியில் மாட்டித் தொங்கவிட வேண்டும். மேல் நுனியைச் சுற்றி பொலித்தீன் தாளைப் புனல் போல மடித்து நூலால் இறுகக் கட்டி, அதற்குள் மெல்லிய ஒயிலைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். நெடுநேரம் எதுவும் நடக்காது. பிறகு கீழ் நுனியில் முதல் துளி எட்டிப் பார்க்கும். புதிய வயர் என்றால் ஊற்றிய நிறத்திலேயே துளி இறங்கும். வினாயகபுரம் போன்ற கடலோர ஊரில் இரண்டு மூன்று மாரிகளைக் கண்ட வயர் என்றால், பிளேன்டீ நிறத்தில் துருத்தூளோடு சேர்ந்து இறங்கும்.

வினாயகபுரம் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவில் பிரதேசத்தில் கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர். உப்புக் காற்று ஆண்டு முழுதும் வீசும். வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் ஈரமும் கூடச் சேர்ந்துகொள்ளும். இங்கிருந்து கல்முனைக்குப் போகிறவர் தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று கடைத்தெருக்களை ஒவ்வொன்றாகக் கடந்துதான் போக வேண்டும். ஒவ்வொரு கடைத்தெருவிலும் ஆட்டோ, மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், நெல் ஏற்றிய உழவு இயந்திரம். நின்று நின்று போகிற பாதையில் இடது கைக்கு ஓய்வே கிடையாது. வண்டி நாற்பது, ஐம்பது வருடப் பழசு என்றால் கல்முனை வந்து சேரும்போது விரல் மடங்காது.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில் மீண்டும் அனுமதிக்கப்படும் வரை இலங்கையில் இருக்கிற வண்டியைக் காப்பாற்றி ஓட்டுவதே பலருக்கு ஒரே வழியாக இருந்தது. கொட்டிலில் சாக்கு மூடிக் கிடந்த வண்டிகளும் மதிப்புப் பெற்றன. அவற்றைத் திருத்தி எடுப்பவர்கள் சொல்லும் முறைப்பாடுகளில் முதல் வரிசையில் நிற்பது இந்தக் கிளச் பாரம். அதற்கு இப்போது பலரும் சொல்லும் மருந்து, வயரை எடுத்துவிட்டு ஹைட்ரோலிக் கிளச் போடுவது. அந்த மருந்து எந்த நோயைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்பதைப் பணம் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது.

கிளச் ஏன் பாரமாக இருக்கிறது? எஞ்சின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கடத்துவது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய தட்டுகள். உராய்வுத் தட்டு ஒன்று, இரும்புத் தட்டு ஒன்று என்று மாறி மாறி இருக்கும். ஒரு வகை எஞ்சினோடு சுற்றும், மற்றது கியர்பெட்டித் தண்டோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் இந்த அடுக்கை நெருக்கிப் பிடித்திருக்கும்வரை எல்லாம் ஒன்றாகச் சுற்றும். லீவரைப் பிடிக்கும்போது ஒரு தண்டு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தை எதிர்த்து மேல் தட்டைத் தூக்குகிறது. தூக்குவது ஏறத்தாழ 2 மில்லிமீற்றர்தான். ஆனால் அந்த 2 மில்லிமீற்றருக்கு எதிரே எல்லா ஸ்பிரிங்குகளும் சேர்ந்து நிற்கின்றன.

தட்டுகள் வழுக்காமல் பிடித்திருக்க இரண்டு வழி உண்டு. உரசும் பரப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம், அல்லது ஸ்பிரிங்கைக் கடினமாக்கலாம். புதிய வண்டிகளில் தட்டுகள் அதிகம், அதனால் ஸ்பிரிங் மென்மையாக இருந்தாலும் போதும். பழைய பிரித்தானிய வண்டிகளில் தட்டுகள் குறைவு. எனவே பிடிமானம் முழுக்க ஸ்பிரிங்கின் தலையில் விழுந்தது. போதாக்குறைக்கு, எஞ்சினுக்கும் கிளச்சுக்கும் நடுவே உள்ள முதல் சங்கிலி சுழற்சியின் வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டிவிடும். கூடிய அந்த விசை முழுவதையும் கிளச் தாங்க வேண்டும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டோடு சென்னையில் உருவாகத் தொடங்கிய ரோயல் என்பீல்ட் புல்லட்டும் இதே வழியில் வந்த வண்டிதான். இடதுபக்கம் சங்கிலிப் பெட்டிக்குள் கிளச், வலதுபக்கம் வயர் வந்து இணையும் கை, இரண்டுக்கும் நடுவே கியர்பெட்டித் தண்டின் துளைக்குள் ஓடும் நீண்ட தள்ளுதண்டு. இந்தக் குடும்பத்து வண்டிகளில் பாரத்தைக் குறைக்கிறேன் என்று மென்மையான ஸ்பிரிங்கைப் போட்டால் ஏற்றத்தில் கிளச் வழுக்கும், தட்டு கருகும்.

பழைய கம்பனிகளும் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டின. 1946இல் வந்த வின்சென்ட் ராபிட் என்ற இங்கிலாந்து வண்டியில், பெரிய எஞ்சினின் விசையைத் தாங்க எஞ்சினின் விசையையே கிளச்சை இறுக்கும் வேலைக்குத் திருப்பும் விசித்திரமான அமைப்பு ஒன்று இருந்தது. ஓட்டுநரின் விரல் சிறிய தட்டு ஒன்றை மட்டும் விடுவித்தால் போதும். 1967இல் அறிமுகமான நோர்ட்டன் கொமாண்டோ, சுருள் ஸ்பிரிங்குகளைக் கைவிட்டு, கார்களில் இருப்பது போன்ற ஒற்றை வட்ட ஸ்பிரிங்கைப் போட்டது. ஹொண்டா வேறு பாதையில் போனது. 1958இல் வந்த சுப்பர் கப் வண்டியில் கிளச் லீவரே கிடையாது. வேகம் கூடும்போது தானே பிடித்துக்கொள்ளும் கிளச் அதற்குள் இருந்தது. இலங்கை வீதிகளில் இன்றும் ஓடும் சி-70, சி-90 வண்டிகள் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை. மீதி வண்டிகள் எல்லாவற்றுக்கும் விரலுக்கும் கிளச்சுக்கும் நடுவே ஒரு தூது தேவைப்பட்டது. அந்தத் தூதுதான் வயர்.

இதற்கு பௌடன் கேபிள் என்று பெயர். ஏர்னஸ்ட் மொனிங்டன் பௌடன் என்ற அயர்லாந்துக்காரர் 1896இல் காப்புரிமை பெற்றார். சைக்கிள் பிரேக்குகளில் புகழ் பெற்று, பிறகு மோட்டார் சைக்கிளுக்கு வந்து, இன்றுவரை நிலைத்துவிட்டது. பல இழைகளை முறுக்கிய உள்வயர், அதைச் சுற்றி நெருக்கமாகச் சுருட்டிய கம்பியாலான வெளியுறை. உள்வயரை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு விசையோடு வெளியுறை எதிர்ப்பக்கம் தள்ளி நிற்கும். கப்பியோ நேர்கோடோ தேவையில்லை. ஹேண்டில் திரும்பினாலும், சட்டத்தைச் சுற்றி வளைத்துக் கொண்டு போனாலும் வேலை செய்யும்.

வளைத்துக் கொண்டு போகலாம் என்ற இந்த வசதிக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம்.

கடற்கரையில் தோணியைக் கட்டி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழுக்கும் கயிற்றை மரக்கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுநுனியைச் சும்மா பிடித்துக்கொண்டால் ஒரு ஆளே பெரிய இழுப்பைத் தாங்கிவிடுவார். தாங்குவது ஆளின் பலமல்ல, கயிற்றுக்கும் கட்டைக்கும் இடையிலான உராய்வு. 18ஆம் நூற்றாண்டின் கணித மேதை லியோனார்ட் ஒய்லர் ஆராய்ந்த கணக்கு இது. ஒவ்வொரு வளைவிலும் உராய்வு கூட்டிக்கொண்டு போவதில்லை, பெருக்கிக்கொண்டு போகிறது. உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால், இரண்டு சுற்றில் இழுப்பு 40 மடங்குக்கு மேல் மாறிவிடும். கையில் 1 கிலோ பிடித்தால் எதிரே 40 கிலோ நிற்கும்.

தோணிக்காரருக்கு இந்தப் பெருக்கம் உதவி. கிளச் வயருக்கு அதே பெருக்கம் இழப்பு. ஹேண்டிலில் இருந்து இறங்கும்போது ஒரு வளைவு, கியர்பெட்டி அருகே இன்னொரு வளைவு, மொத்தம் 180 பாகை என்று எடுத்துக்கொள்வோம். ஒயில் போட்ட சாதாரண வயரில் உராய்வுக் குணகம் 0.15 என்றால், கியர்பெட்டிக்குப் போய்ச் சேரும் ஒவ்வொரு 1 கிலோவுக்கும் கை 1.6 கிலோ இழுக்க வேண்டும். உள்ளே டெப்லான் குழாய் போட்ட தரமான வயரில் அது 1.2 கிலோவாக இறங்கும். துருப்பிடித்து, குணகம் 0.3 ஆகிவிட்ட வயரில் 2.6 கிலோவாக ஏறும்.

இந்த எண்களை ஒரு வண்டியில் பொருத்திப் பார்க்கலாம். தள்ளுதண்டுக்கு 100 கிலோ அழுத்தம் தேவை, தூக்க வேண்டியது 2 மில்லிமீற்றர் என்று வைப்போம். கியர்பெட்டிக் கை 5 மடங்கு உதவும், லீவர் 3 மடங்கு உதவும். உராய்வே இல்லாத உலகில் விரல் 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இழுத்தால் போதும். டெப்லான் வயரில் 8 கிலோ. சாதாரண வயரில் 11 கிலோ. துருப்பிடித்த வயரில் 17 கிலோவைத் தாண்டும். ஸ்பிரிங் அதே ஸ்பிரிங், தட்டு அதே தட்டு. கை வலிக்குக் காரணம் கிளச் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உழைப்பில் பாதிக்கு மேல் போகிற வழியிலேயே சூடாகத் தொலைகிறது.

கடலோரத்தில் இந்த மாற்றம் வேகமாக நடக்கும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உள்வயரின் இழைகளுக்கு மேலிருக்கும் நாகப்பூச்சு தேய்ந்த இடத்தில் துரு தொடங்கும். துருத்தூள் உரசும் தாளைப் போல வேலை செய்து மீதிப் பூச்சையும் அரிக்கும். பிறகு லீவரில் மாட்டும் உருளை முனைக்குப் பக்கத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஒரு நாள் நடுத்தெருவில் மொத்தமும் போகும்.

இங்கேதான் ஹைட்ரோலிக் முறை வருகிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைக்கும் குறையாமல் பரவும் என்று பிரான்ஸின் பிளேஸ் பஸ்கால் எழுதினார். அவர் இறந்த பிறகு 1663இல்தான் அந்த நூல் அச்சேறியது. அந்த விதியை வைத்து இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795இல் திரவ அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். வாகன பிரேக்குக்கு அதைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் மல்கம் லொக்ஹீட், காப்புரிமை ஆண்டு 1917. 1921இல் டூசன்பேர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ரோலிக் பிரேக்கோடு வந்தது. மோட்டார் சைக்கிள் கிளச்சுக்கு வந்து சேர இன்னும் அறுபது ஆண்டு பிடித்தது. 1980களின் தொடக்கத்தில் ஹொண்டாவின் விஎப்-750 வரிசையும், 1984இல் கவாசாக்கி ஜிபிஇசட்-900ஆரும் ஹைட்ரோலிக் கிளச்சோடு தொழிற்சாலையிலிருந்தே வந்தன.

அமைப்பு எளிது. ஹேண்டிலில் ஒரு மாஸ்டர் சிலிண்டர், நம் கராஜ்களில் மாஸ்டர் பம்ப் என்பார்கள். கீழே கிளச் பக்கம் ஒரு ஸ்லேவ் சிலிண்டர். இரண்டையும் இணைக்க ஒரு குழாய், உள்ளே திரவம். குழாய் எத்தனை வளைவு வளைந்தாலும் திரவத்துக்குக் கவலையில்லை. வளைவில் உராய்வு பெருகுவது என்ற பேச்சே இங்கு இல்லை. ரப்பர் சீல்கள் சிலிண்டர் சுவரில் உரசுவதில் சிறிது போகும், அவ்வளவுதான்.

மடங்கு கணக்கு சிலிண்டர்களின் பரப்பில் இருக்கிறது. மேலே 11 மில்லிமீற்றர் விட்டம், கீழே 26 மில்லிமீற்றர் விட்டம் என்றால் பரப்பு 5.6 மடங்கு. மேலே பிஸ்டன் 12 மில்லிமீற்றர் நகர்ந்தால் கீழே 2.1 மில்லிமீற்றர் நகரும், கிளச்சைத் தூக்க அது போதும். லீவர் 5 மடங்கு உதவினால், தள்ளுதண்டின் 100 கிலோவை விரல் 4 கிலோவுக்கும் குறைவாகப் பிடித்துத் தூக்கிவிடும். அந்த ஒரு தடவையில் மேலேயிருந்து கீழே போகும் திரவம் 1.14 மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டியில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு.

இதில் மாயம் எதுவுமில்லை. வயர் வண்டியில் விரல் 30 மில்லிமீற்றர் நகர்ந்தது. இங்கே 60 மில்லிமீற்றர் நகர்கிறது. பாதி விசை, இரட்டிப்புத் தூரம். ஹைட்ரோலிக் புதிதாகப் பலம் எதையும் உண்டாக்குவதில்லை. வயர் வழியில் தின்றதை மிச்சப்படுத்துகிறது, மடங்கை விரும்பியபடி அமைக்க இடம் கொடுக்கிறது, அவ்வளவே. மேலே 11க்குப் பதில் கையில் கிடைத்த 14 மில்லிமீற்றர் சிலிண்டரைப் போட்டால் பாரம் 60 சதவீதம் கூடிவிடும். லீவர் முன்னைவிடக் குறைந்த தூரத்திலேயே கிளச்சைத் தூக்கிவிடும், ஆனால் கல்லுப் போல இருக்கும். மாற்றி முடித்த பிறகும் கை வலிக்கிறது என்று சொல்பவர்களின் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது மாஸ்டர் சிலிண்டரின் விட்டத்தைத்தான். பெரும்பாலும் அதன் உடலிலேயே எண் பொறித்திருக்கும்.

பழைய வண்டியை மாற்றுவதற்கு இரண்டு வழி. முதல் வழியில் கியர்பெட்டியைத் தொடுவதில்லை. வயர் வந்து நின்ற இடத்தில், வயரைப் போலவே இழுக்கும் சிறிய ஸ்லேவ் சிலிண்டரை மாட்டுவார்கள். பழைய கை அப்படியே வேலை செய்யும். ஜெர்மனியின் பாட் ஊராக் நகரில் 1893இல் தொடங்கிய மகுரா நிறுவனம் ஹைமெக் என்ற பெயரில் விற்ற தொகுதி இந்த வகை. வயர் கிளச் உள்ள வண்டிகளுக்காகவே செய்தது. இதில் மடங்கு பெரிதாக மாறாது, உராய்வு மட்டும் நீங்கும். நம் கணக்கில் 11 கிலோ 7 கிலோ ஆகும். வேண்டாமென்றால் ஒரு மணி நேரத்தில் பழையபடி வயரை மாட்டிவிடலாம்.

இரண்டாவது வழியில் கியர்பெட்டியின் வெளிமூடியில் உள்ள கையையும் நெம்பையும் எடுத்துவிட்டு, தள்ளுதண்டின் நுனிக்கு நேரே ஸ்லேவ் சிலிண்டரைப் பொருத்துவார்கள். நோர்ட்டன், ட்ரயம்ப் போன்ற வண்டிகளுக்கு வெளிநாடுகளில் ஆர்வலர்கள் கையாளும் முறை இது. மடங்கை விரும்பியபடி அமைக்கலாம். ஆனால் லேத்தில் கடைய வேண்டும், நடுமையம் ஒரு மயிரிழையும் விலகக்கூடாது. இன்னொரு நுட்பமும் உண்டு. வயர் வண்டியில் லீவரை விட்டதும் சிறிது பிளே இருக்கும், தள்ளுதண்டை எதுவும் தொடாது. ஹைட்ரோலிக்கில் ஸ்லேவ் பிஸ்டன் எப்போதும் தண்டை மெல்லத் தொட்டபடியே இருக்கும். தண்டு சுழலும், பிஸ்டன் சுழலாது. நடுவே குண்டோ சிறிய பேரிங்கோ இல்லாவிட்டால் தண்டின் நுனி சூடேறி நீலம் பாய்ந்து தேயும்.

தொட்டபடி இருப்பதில் நன்மையும் உண்டு. தட்டுகள் தேயத் தேய அடுக்கு ஒல்லியாகும், தள்ளுதண்டு வெளியே வரும். வயர் வண்டியில் பிளே குறைந்துகொண்டே போகும், அடிக்கடி திருகிச் சரிசெய்ய வேண்டும். ஹைட்ரோலிக்கில் பிஸ்டன் பின்வாங்கும், மிஞ்சிய திரவம் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஊசித்துளை வழியாக மேலே உள்ள கிண்ணத்துக்குத் திரும்பும். தானே சரிசெய்துகொள்ளும்.

அந்த ஊசித்துளைதான் முழு அமைப்பின் உயிர். லீவரை விட்டதும் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கி அந்தத் துளையைத் திறக்க வேண்டும். பிளே வேண்டாம் என்று லீவரின் திருகாணியை இறுக்கிவிட்டால், அல்லது துளையில் அழுக்கு அடைத்தால், திரவம் சிறைப்படும். எஞ்சின் சூடேறும்போது ஸ்லேவ் பக்கத்துத் திரவம் விரியும். போக இடமில்லாமல் கிளச்சைத் தானே மெல்லத் தூக்கத் தொடங்கும். கராஜில் நன்றாக இருந்த வண்டி, வெயிலில் அரை மணி ஓடியதும் வழுக்கும். ஆறினால் சரியாகும். தட்டைக் குறைசொல்லி மாற்றி, பணமும் செலவழித்து, காரணம் தெரியாமல் தவிப்பவர்கள் லீவரின் நுனியில் ஒரு மில்லிமீற்றர் பிளே விட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த எதிரி காற்று. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது என்று பாடத்தில் படிக்கிறோம். நம் வண்டியில் லீவரைப் பிடிக்கும்போது குழாயில் எழும் அழுத்தம் ஏறத்தாழ 19 வளிமண்டலம். அதில் திரவம் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே சுருங்கும். காற்றோ இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். குழாயில் 1 மில்லிலீற்றர் காற்று, அதாவது ஒரு சுண்டல் கடலையளவு குமிழி, இருந்தால் மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் 1.14 மில்லிலீற்றரில் 0.95 அந்தக் குமிழியைச் சுருக்குவதற்கே போய்விடும். லீவர் ஹேண்டிலைத் தொடும், கிளச் அசையாது.

காற்றை எடுப்பது பொறுமையான வேலை. வழக்கமாக மேலே ஊற்றி, லீவரை அடித்து அடித்து, கீழே திருகைத் திறந்து விடுவார்கள். பிரேக்குக்கு இது சரி. கிளச் மாஸ்டர் சிலிண்டர் தள்ளுவது மிகச் சிறிய அளவு, குமிழியோ மேலே ஏறப் பார்க்கும். கீழே துரத்தினால் பாதி வழி போய்த் திரும்பி வரும். ஆகவே தலைகீழாகச் செய்வது நல்லது. மருந்துக் கடையில் வாங்கிய பெரிய சிரிஞ்சில் திரவத்தை நிரப்பி, ஊசியில்லாத நுனியில் ஒரு தெளிவான குழாயை மாட்டி, மறுநுனியை ஸ்லேவ் சிலிண்டரின் காற்றுத்திருகில் செருக வேண்டும். திருகைக் கால் சுற்றுத் திறந்து மெல்ல அழுத்தினால் திரவம் கீழிருந்து மேலே ஏறும். அதற்கு முன்னால் காற்றும் ஏறும். மேலே கிண்ணத்து மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தால், முதலில் பெரிய குமிழிகள் பொங்கும், பிறகு சோடாவில் வருவது போலச் சிறு முத்துகள், கடைசியில் எதுவும் வராது. அப்போது லீவரைப் பிடித்தால் வித்தியாசம் விரலுக்கே தெரியும். கிண்ணம் நிரம்பி வழியாமல் இன்னொரு சிரிஞ்சால் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். எரிபொருள் தாங்கியின் மேல் நனைந்த துணி போட்டிருக்க வேண்டும்.

நனைந்த துணி ஏன்? பிரேக் ஒயில் என்று நாம் சொல்லும் டொட் 3, டொட் 4 திரவங்கள் உண்மையில் எண்ணெயே அல்ல. கிளைகோல் ஈதர் என்ற இரசாயனம். வர்ணத்தைக் கரைக்கும். நாற்பது வருடம் காப்பாற்றிய மூலவர்ணத்தில் ஒரு துளி விழுந்து, கவனிக்காமல் விட்டால் கொப்பளித்து உரியும். தண்ணீரில் கலந்துவிடும் என்பதால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவினால் தப்பலாம். காற்றிலிருந்து ஈரத்தையும் இது உறிஞ்சும். புதிய டொட் 4 திரவம் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கட்டளை. 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலையில் அந்த எல்லை 155 பாகை. கிளச்சில் பிரேக்கைப் போலச் சூடு ஏறாது என்பதால் கொதிப்பு பெரிய ஆபத்தில்லை. ஆனால் உறிஞ்சிய நீர் சிலிண்டர் சுவரை அரிக்கும். வருடம் முழுதும் ஈரக்காற்று வீசும் இந்தக் கரையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவது அவசியம். திறந்து வைத்த போத்தலில் மிச்சமிருப்பதை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்கக்கூடாது.

சில தொகுதிகள் உண்மையான கனிம எண்ணெயில் வேலை செய்யும். மகுராவின் கிளச் தொகுதிகள் இந்த வகையில் பெயர் பெற்றவை. இரண்டையும் மாற்றி ஊற்றினால் சீல் அழியும். டொட் திரவத்துக்கான ஈ.பி.டி.எம். ரப்பர் கனிம எண்ணெய் பட்டால் ஊதிப் பெருத்துவிடும். பிஸ்டன் இறுகி நின்றுவிடும். கிண்ணத்து மூடியில் எந்தத் திரவம் என்று பொறித்திருக்கும். ஊற்றுவதற்கு முன் அதைப் படித்துவிட வேண்டும்.

உள்ளூரில் எளிதாகக் கிடைப்பது முன்சக்கர டிஸ்க் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர். அதைக் கிளச்சுக்குப் போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. அது வலது கைக்குச் செய்தது. இடப்பக்கம் மாட்டினால் ஒன்று லீவர் தவறான திசையைப் பார்க்கும், அல்லது கிண்ணம் தலைகீழாகும். இடது கைக்கென்று செய்த, விட்டம் தெரிந்த சிலிண்டரே வேண்டும். ஸ்லேவின் விட்டத்தையும், கிளச் தூக்க வேண்டிய தூரத்தையும் அளந்து, மேலே சொன்ன பரப்புக் கணக்கைப் போட்ட பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகு, மாற்றுவது நல்லதா? கணக்கைத் திரும்பப் பார்த்தால் பதில் தெளிவு. துருப்பிடித்த வயரோடு ஒப்பிட்டால் ஹைட்ரோலிக் பெரும் விடுதலை. ஆனால் சீராக வளைத்து ஓடவிட்ட புதிய டெப்லான் வயரோடு ஒப்பிட்டால், முதல் வழி மாற்றம் 8 கிலோவை 7 கிலோவாக்கும், அவ்வளவுதான். புல்லட்டை இன்று செய்யும் நிறுவனமே தன் 650 சீசீ வண்டிகளில் வயர் கிளச்சைத்தான் வைத்திருக்கிறது. எஞ்சினின் விசையே தட்டுகளை இறுக்க உதவும் வகையில் உள்ளமைப்பை மாற்றியதால் மென்மையான ஸ்பிரிங் போதுமாகிவிட்டது. 1946இல் வின்சென்ட் தேடிய அதே வழி. 2023இல் ஹொண்டா அறிவித்த ஈ-கிளச்சில் மோட்டார்களே கிளச்சைப் பிடித்து விடுகின்றன. விரும்பினால் மட்டும் லீவரைத் தொடலாம்.

ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் வயரைக் கழற்றித் தொங்கவிட்டு ஒயில் ஊற்றிப் பாருங்கள். துரு வந்தால் உட்குழாய் போட்ட புதிய வயரை மாட்டுங்கள், கூரான வளைவுகளை அகலமாக்குங்கள். லீவரின் அச்சாணியிலிருந்து வயர் மாட்டும் துளை வரை அளந்து பாருங்கள். பழைய பிரித்தானிய லீவர்களில் 22 மில்லிமீற்றர், 27 மில்லிமீற்றர் என்று இரண்டு அளவு உண்டு. 27 இருந்த இடத்தில் 22 போட்டால் பாரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். கிளச் முழுதாகத் தூக்குகிறதா என்று மட்டும் சோதித்துக்கொள்ள வேண்டும். கியர்பெட்டிக் கையின் தேய்மானத்தையும் தள்ளுதண்டு நேராக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு கை வலித்தால், அல்லது மூட்டுவாதம் போன்ற காரணத்தால் ஓட்டுநருக்கு உண்மையாகவே தேவைப்பட்டால், ஹைட்ரோலிக் நியாயமான தெரிவு. வயர் போல உப்புக்காற்றில் மாதத்துக்கு மாதம் பாரம் கூடாமல், போட்ட நாளில் இருந்தபடியே நெடுநாள் இருப்பது அதன் உண்மையான பலன்.

மாற்றுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சட்டத்தை வெட்டாமல், கியர்பெட்டி மூடியில் புதுத் துளை போடாமல் செய்யக்கூடிய முதல் வழியையே முதலில் பாருங்கள். கழற்றிய லீவர், வயர், கை, திருகாணி எல்லாவற்றையும் கிறீஸ் பூசி, கடதாசியில் சுற்றி, வண்டியின் பெயர் எழுதிய பெட்டியில் வையுங்கள். அந்த உதிரிப் பாகங்கள் பலவற்றை இப்போது யாரும் செய்வதில்லை. வண்டியை நாளை வாங்குபவரோ, வீட்டில் அதை ஓட்டப்போகும் பிள்ளையோ பழையபடி மாற்ற நினைத்தால், அந்தப் பெட்டி இல்லாமல் முடியாது.